ஊதா நிறத்தில் ஒரு வைவா

ஒரு முறைகூடத் தோற்காத சோதனையை நம்பவே நம்பாதீர்கள். நான் நம்பினேன், எங்கள் தெருவே நா வறண்டு நின்றது.

ஏனாத்தூர் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். தண்ணீரில் செம்பு கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் தாள் செய்வதுதான் என் புராஜெக்ட். கச்சாப் பட்டு நூலைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் அதன் பசை கழன்று வரும். அந்தப் பசையில் தாளை ஊறவைத்து உலர்த்தி, சோதிக்க வேண்டிய தண்ணீரில் ஒரு சொட்டு, காரக் கரைசலில் ஒரு சொட்டு விட வேண்டும். செம்பு இருந்தால் தாள் ஊதாவாகும். வீட்டில் தறி ஓடுவதால் நூலுக்குப் பஞ்சமில்லை. செம்பு கலந்த தண்ணீரில் இருபது முறை சோதித்தேன். இருபது முறையும் ஊதா! (செம்பில்லாத தண்ணீரில் சோதித்தாயா என்கிறீர்களா? அதில்தான் ஒன்றுமே இல்லையே, எதற்கு வீண் வேலை!)

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று காலை, ஒரு ஆசைக்கு எங்கள் குடத்துத் தண்ணீரைச் சோதித்தேன். ஊதா. தாளோடு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு தனம் அக்காவின் குடத்திலும் ஊதா. தெருவில் இறங்கிக் கத்தினேன்.

"யாரும் குடிக்காதீங்க! தண்ணில செம்பு கலந்திருக்குது, விஷம்! கொட்டிடுங்க!"

"இன்னாமா சொல்ற? ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி வர்ற தண்ணிமா!" என்று அலறினார் அக்கா. ஆனாலும் படித்த பெண் சொல்கிறாளே என்று கொட்டினார். அவரைப் பார்த்துத் தெருவே கொட்டியது. ஊரைக் காப்பாற்றிய மிதப்பில் நான் பஸ் ஏறினேன்.

வைவாவில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரின் பாட்டில் தண்ணீரும் ஊதாவானது.

"சார், குடிக்காதீங்க!"

பாதி குடித்திருந்தவர் திருதிருவென விழித்தார். பிறகு லேபில் இருந்த, காய்ச்சி வடித்த சுத்த நீரை நகர்த்தினார். "இதையும் பாரும்மா." அதுவும் ஊதா.

"பட்டு நூலை எதுல கொதிக்க வெச்சே?"

"எங்க வீட்டுச் செப்பு அண்டாவுல சார். சாயம் காய்ச்சுற அண்டா" என்றேன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான், நான் சொன்னது எனக்கே உறைத்தது.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மிச்சத் தண்ணீரையும் நிம்மதியாகக் குடித்தார். "எவர்சில்வர்ல காய்ச்சிட்டு அடுத்த வாரம் வா."

வீட்டு வாசலில் தனம் அக்கா காலிக் குடத்தோடு காத்திருந்தார். "தண்ணிக்கு இன்னாமா ஆச்சு?"

"நல்ல தண்ணிதான்கா. எங்க அண்டாதான்..."

அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தினார். பாதி தெருவில் சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் நான் தேறினேன். என் கல்யாணத்துக்குத் தெருவார் சேர்ந்து ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா வாங்கிக் கொடுத்தார்கள். வழக்கம்போல் அதில் பெயரும் வெட்டியிருந்தார்கள்: "குடிதண்ணீரைக் கொட்டிய தெருவார் அன்பளிப்பு."