கல்லறைப் பிரிவின் பச்சைத் திரை

தீயைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் அடைந்த மாபெரும் முன்னேற்றம், நியூஸிலாந்தின் தென்கோடியில், எங்கள் கரேவா மாவட்ட மன்றத்தின் கல்லறைப் பிரிவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலைத் தேநீர் வேளையில் நிகழ்ந்தது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வாயில் சீஸ் ரோல் இருந்ததால் வாழ்த்த முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இறந்தவர் எவரும் முகவரி இல்லாமல் கிடப்பதில்லை. இடங்களுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் உள்ள உறவைக் காக்க ஒரு தரவுத்தளம். அந்த உறவு கெடாமல் இருக்கிறதா என்று தினமும் காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளை ஓட்டிப் பார்க்கும் ஒரு சோதனை மென்பொருளும் உண்டு. ஒரே குழியில் இரண்டு பேருக்குப் பதிவு இருக்கிறதா? உயிரோடு இருக்கும் யாராவது புதைக்கப்பட்டிருக்கிறாரா? பதில் சரியென்றால் திரை பச்சை. தவறென்றால் சிவப்பு.

கேள்விகளை எழுதியவர் ஹுஹானா டவுட்டாரி. எட்டு வருட உழைப்பு. அவற்றால் அவதிப்பட்டவர் மர்டாக் அபர்நெதி. ‘மின்னணு மேன்மை’ மேலாளர். மேன்மைக்கென்றே தனி மேலாளர் வைத்திருக்கும் மன்றம் எங்களுடையது.

தினமும் சோதனை முடிய நாற்பத்தொரு நிமிடம் ஆகும். முடிந்ததும் எங்காவது மூன்று, நான்கு சிவப்பு தெரியும்.

“காலங்காத்தால சிவப்பைப் பார்த்தா ஊழியர்களுக்கு மனசு உடைஞ்சு போகுது, ஹுஹானா,” என்பார் மர்டாக்.

“பிழையைத் திருத்தினா பச்சையாயிடும்.”

“இதுதான், இந்த எதிர்மறைப் பேச்சுதான் பிரச்சினையே!”

இந்த நிலையில்தான் சோதனை மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. கூடவே அறுபது பக்கக் குறிப்பு. ஹுஹானா அதைப் படிக்க இரண்டு நாள் கேட்டார்.

“குறிப்பைப் படிச்சுட்டு யாராவது அப்டேட் போடுவாங்களா?” என்று சிரித்துக்கொண்டே மர்டாக் பொத்தானை அமுக்கினார்.

இரண்டே நொடி. திரை முழுக்கப் பச்சை, மழைக்குப் பிந்தைய ஆட்டுப் புல்வெளி போல. அதன் நடுவில் வெள்ளை எழுத்து: ‘தோல்வி: பூஜ்யம். நிலை: வெற்றி.’

மர்டாக்கின் கண் கலங்கியது. “நாப்பத்தொரு நிமிஷ வேலை ரெண்டு நொடியில! ஒரு தோல்விகூட இல்ல!”

ஹுஹானா திரைக்குப் பக்கத்தில் போய் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “மேல ஒரு வரி இருக்கே, பாத்தீங்களா? ‘ஓடிய சோதனைகள்: பூஜ்யம்.’”

“அதனால?”

“புதுப் பதிப்புல சோதனையோட பேருக்கு முன்னால ஒரு ஒட்டு வேணும் போல. நம்மளோடதுல அது இல்ல. அதனால ஒண்ணைக்கூட அது கண்டுக்கல. எதுவுமே ஓடல, மர்டாக்.”

“எதுவுமே தோக்கல. அதைத்தானே நானும் சொல்றேன்.”

“பரீட்சைக்கே போகாத பையனும் ஃபெயில் ஆகறதில்லதான்!”

இந்தக் கருத்து ‘பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று கூட்டக் குறிப்பில் பதிந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கருத்தை அடக்கம் செய்யும் முறை அது. அதற்குக் குழிகூட வேண்டாம். பிறகு மர்டாக் அந்தப் பச்சைத் திரையைப் படம் பிடித்து, ஒரு விருதுக்கு விண்ணப்பித்தார். பழைய கேள்விகளைத் தொடக்கூடாது என்று ஹுஹானாவுக்கு எழுத்தில் உத்தரவும் போனது.

அதே வாரம் முன்பதிவுத் திரையிலும் யாரோ ஒரு மாற்றம் செய்தார்கள். ஏற்கெனவே ஒருவருக்கு ஒதுக்கிய இடமும் ‘காலி’ என்று அதில் தெரியத் தொடங்கியது. பழைய சோதனை ஓடியிருந்தால் மறுநாளே சிவந்திருக்கும். பச்சைத் திரை பண்போடு மௌனம் காத்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, பெரில் பாஸ்கோ என்ற அம்மாள் நான் உட்கார்ந்திருந்த முகப்பு மேசைக்கு வந்தார். எண்பத்து நான்கு வயது. மழைக்கோட்டில் நீர் சொட்டியது.

“கண்ணு, பதினாலாவது வரிசையில என் வீட்டுக்காரர் லென் இருக்கார். பக்கத்து இடம் எனக்கு. ஒம்பது வருஷமா பதிவு பண்ணி வச்சிருக்கேன். இப்ப பூ வைக்கப் போனா, என் இடத்துல முளை அடிச்சு, கயிறு கட்டி வச்சிருக்காங்க. யாருக்குய்யா அது?”

பார்த்தேன். வெள்ளிக்கிழமை அடக்கம். பெயர் டிரெவர் ஹிஸ்லாப்.

அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “பக்கத்து வீட்டு டிரெவரா? எங்க வேலியைத் தாண்டி அவன் ஒரு அடி உள்ள வந்தான்னு லென் அவன்கூட முப்பது வருஷம் பேசல. இப்ப என் படுக்கையிலேயே அவனைப் போடப் போறீங்களா?”

சிரிப்பு வந்தது எனக்கு. அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நின்றது. அவர் மெதுவான குரலில் சொன்னார்: “நான் எங்கய்யா போவேன்? எனக்குன்னு அங்க ஒரு இடம்தானே இருந்துச்சு.”

உரிய படிவத்தை எடுத்தேன். பதில் வர இருபது வேலைநாள் ஆகும் என்றேன். பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஹுஹானா படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள்தாய்யா இருக்கு! போனை எடு, ரேவியைக் கூப்பிடு, தோண்ட வேண்டாம்னு சொல்லு.”

“மர்டாக்கோட அனுமதி இல்லாம நான் எப்படி…”

“நகரு.”

குழி தோண்டும் ரேவியிடம் அவரே பேசினார். டிரெவரின் மகளையும் அவரே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, கடல் தெரியும் ஒன்பதாவது வரிசையில் வேறு இடம் ஒதுக்கினார். “அப்பாவுக்கும் லென் பக்கத்துல தூக்கம் வந்திருக்காது” என்றாளாம் மகள். பெரில் அம்மாள் ஹுஹானாவின் இரண்டு கைகளையும் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

அன்று பிற்பகலே, உத்தரவை மீறி, ஹுஹானா முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களுக்கும் முன்னால் அந்த ஒட்டைச் சேர்த்துச் சோதனையை ஓட்டினார். நாற்பத்தொரு நிமிடம் கழித்துத் திரை சிவந்தது. இரண்டு பேருக்குக் கொடுத்த இடங்கள் இருபத்தேழு. அத்தனை குடும்பங்களிடமும் மறுநாள் மாலைக்குள் பேசி முடித்தார்.

மர்டாக் வந்து பார்த்து, நாற்காலியில் சரிந்தார். “மூணு வாரமா ஒரு பிழை இல்லாம இருந்துச்சு. ஒரே மத்தியானத்துல இருபத்தேழை உண்டாக்கிட்டீங்களே, ஹுஹானா!”

விசாரணைக் குழு அமைந்தது. அதன் முடிவின் தெளிவை நான் இன்றும் வியக்கிறேன்: ‘மேற்படி பிழைகள், தேடப்படும் வரை, பதிவில் இல்லை.’ இனி பிழை கண்டுபிடிக்க விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும். ஹுஹானாவை நாய் உரிமப் பிரிவுக்கு மாற்றினார்கள். விருது எங்களுக்கே கிடைத்தது. சோதனைப் பொறுப்பு எனக்கு வந்தது.

நான்கு மாதமாகிறது. ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

“எப்படி சாதிச்சீங்க?” என்று மர்டாக் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“தேடல,” என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எங்கள் கல்லறைப் பிரிவு அவ்வளவு நம்பகமானது. சென்ற வாரம்தான் எனக்கும் என் மனைவிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் பதிவு செய்தேன். அடுத்த மாவட்டத்தில்.