கட்டாருக்குப் போய்ச் சேராத குரல்

மேற்பிரிவு லயம்,
லிந்துலை.
திங்கட்கிழமை.

என் உடன்பிறந்த தங்கை நாகலெட்சுமியின் மூத்த மகனும், வத்தளையில் கம்பியூட்டர் திருத்துவதில் பேரெடுத்தவரும், சொந்த மாமனை ஊர் சிரிக்க வைத்தவருமான மருமகன் வினோஜன் அவர்களுக்கு, மேற்படி மாமன் கந்தப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது.

இவ்விடம் மாரியம்மன் கிருபையில் நானும் உங்கள் அத்தை அழகம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. எனக்குத் தொண்டை கட்டிப் பத்து நாள். அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசியும் பத்து நாள். மழை வேறு விட்டபாடில்லை. அவ்விடம் தங்கள் சுகத்தைக் கேட்பது முறை. ஆனால் உங்களுக்கு என்ன வந்தது, நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஆகையால் கேட்கவில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் போடுகிறார் மாமா என்று யோசிப்பீர்கள். வயரும் மைக்கும் உள்ள எந்தச் சாமானையும் இனி நான் நம்பத் தயாரில்லை. கடிதத்தில் எவ்வளவு கோபமாக எழுதினாலும் நடுவில் வெட்டாமல் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார்.

நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள். என் மகன் சுதாகரனுக்கும் மருமகள் தனுஜாவுக்கும் கட்டாரில் பெண் பிள்ளை பிறந்தது. எனக்கு முதல் பேத்தி. தூக்கவும் இல்லை, தொடவும் இல்லை, போன் கண்ணாடியில் பார்த்ததோடு சரி. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க வேண்டும். குடும்பத்தில் மூத்தவன் பிள்ளையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். சுதாகரன் போன் எடுத்து, "அப்பா, நீங்கதான் சொல்லணும். கம்பியூட்டர்ல சொல்லுங்க, நாங்க இங்க பிள்ள காதுகிட்ட ஹெட்செட்ட வைக்கிறோம்" என்றான். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்குப் பரணி நட்சத்திரம், 'லி' எழுத்து, ஆகவே லியக்ஷிகா என்று முடிவு செய்திருந்தார்கள். நான் ராக்காயி என்று என் அம்மாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, ஸ்கூல்ல பிள்ளைய சிரிப்பாங்க" என்றாள் தனுஜா. சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு கிழமை முழுக்க லியக்ஷிகா, லியக்ஷிகா என்று கொழுந்து மலையோரம் நடந்து நடந்து பாடம் பண்ணினேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பெயரைச் சொல்லத்தான் பாடுபட்டேன்.

அப்போதுதான் நீங்கள் பெரிய மனது பண்ணி உங்கள் பழைய கம்பியூட்டரையும் ஒரு ஹெட்செட்டையும் அட்டைப்பெட்டியில் கட்டி ஹட்டன் பஸ்ஸில் போட்டு அனுப்பினீர்கள். கூடவே போனும் எடுத்தீர்கள். "மாமா, சின்ன டெஸ்ட்தான். மைக்ல பேசுங்க, பச்சைக் கோடு ஆடுதானு பாருங்க. ஆடுச்சுனா கேக்குது. ஆடலைனா கேக்கல. அவ்வளவுதான் மாமா." அவ்வளவுதான் மாமா! இதற்கு மேல் உனக்கு நீங்கள் நாங்கள் போட்டு எழுத என்னால் முடியாது. நீ என்றே எழுதுகிறேன்.

ஹெட்செட்டில் இரண்டு வயர், ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. எது எங்கே போகும் என்று நீ சொன்னாயா? கம்பியூட்டரின் முதுகில் பத்துப் பொந்து. குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். தலவாக்கலையில் சரிபுதீன் நானாவின் கடைக்கு ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தன்னுடைய கம்பியூட்டரில் மாட்டி, "ரோஸ் மைக்கு, பச்ச காதுக்கு. பேசிப் பாருங்க கணக்கப்பிள்ள" என்றார். கடையில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். கூச்சத்தில் இரண்டு வார்த்தை முணுமுணுத்தேன். கோடு அழகாக ஆடியது. "அருமையான சாமான், ஒரு கொறையும் இல்ல" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வாய் நிறையப் பேசினேன். கோடு ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது. கடையில் வேலை செய்கிற சாமான் என் வீட்டில் வேலை செய்யாது என்றால் இது யாருடைய குற்றம்? உன் கம்பியூட்டருடைய குற்றம்.

அதில் டெஸ்ட் கோல் என்று ஒன்று இருக்கிறது என்றாய். அமத்தினேன். ஒரு அம்மா இங்கிலீசில் ஏதோ சொல்லி முடிய, பீப் என்று சத்தம் வந்தது. மரியாதைக்கு எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வணக்கம் அம்மா, நான் லிந்துலை மேற்பிரிவு ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை கந்தப்பன்" என்று தொடங்கி, பேத்தி பிறந்த விஷயத்துக்கு வருவதற்குள் இன்னொரு பீப். நேரம் முடிந்துவிட்டதாம். பிறகு நான் பேசியதைத் திருப்பிப் போட்டுக் காட்டியது. என்ன வந்தது தெரியுமா? "வ... ண்... ந்..." அவ்வளவுதான். முப்பது வயதில் நான் சாராயத் தவறணையிலிருந்து வரும்போதுகூட அப்படிப் பேசியது கிடையாது. ஆனால் அடுப்படியில் நின்ற உன் அத்தை, "இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது மட்டும் மணி மாதிரி வந்தது. ஏழு தடவை டெஸ்ட் பண்ணினேன். ஏழு தடவையும் அத்தை வந்தாள், நான் வரவில்லை.

உனக்குப் போன் எடுத்தால் நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "மாமா, அதுல எரச்சலக் கொறைக்கிற செட்டிங் ஒண்ணு இருக்கு. நீங்க கத்துறத அது எரச்சல்னு நெனச்சு வெட்டுது. மெதுவா பேசுங்க மாமா." அடேய்! முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்றவன் நான். விடியக்காலையில் பனிக்குள் நின்று, நூற்றெண்பது பேரின் பெயரை மைக் இல்லாமல் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தவன். கீழ்ப்பிரிவு ஆட்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று மேலே ஓடி வந்திருக்கிறார்கள். துரையே ஒரு நாள் பங்களாவிலிருந்து ஆள் அனுப்பி, கணக்கப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடச் சொன்னார். இந்தக் குரல் இரைச்சலா? உன் தகர டப்பாவுக்கு என் குரல் இரைச்சலா? மெதுவாகப் பேசு என்று என் அப்பனே என்னிடம் சொன்னதில்லை, நீ சொல்கிறாய், நேற்றுப் பிறந்த பயல்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கட்டாரில் சுதாகரனுக்கு லீவு நாள். இங்கே பத்தரைக்கு இராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பெயரைச் சொல்லி முடிக்க வேண்டும். குளித்து, விபூதி பூசி, வேட்டி கட்டி ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டேன். படம் வந்தது. சுதாகரன், தனுஜா, பிரசவம் பார்க்கப் போயிருந்த அவளுடைய அம்மா, அதுதான் நம் கந்தப்பளைச் சம்பந்தியம்மா, அவர் மடியில் என் பேத்தி. மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். நெற்றியில் பொட்டு. என் அம்மாவின் நெற்றி. அதை விடு. நான் "லியக்ஷிகா" என்றேன். சுதாகரன் கையை விரித்தான். "அப்பா, ஒண்ணும் கேக்கல. விட்டு விட்டு வருது." கேட்கவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? சத்தமாகச் சொல்வான். சொன்னேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, பெரட்டில் கூப்பிடுவது போல "லியக்ஷிகாஆஆ" என்று ஒரு குரல் கொடுத்தேன் பார். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிறுத்தை இறங்கிவிட்டது என்று நினைத்துக் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பக்கத்து லயக் காம்பிராவில் இருக்கும் ராசம்மா விளக்குமாற்றோடு வாசலில் நிற்கிறாள். "எங்கண்ணே சிறுத்த?" என்கிறாள். கட்டாரில் மட்டும் கேட்கவில்லை! மலை முழுக்கக் கேட்டது, அந்த ஒரு ஹெட்செட்டுக்கு மட்டும் கேட்கவில்லை!

மணி பத்து இருபது. தொண்டை போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. அத்தை கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கதிரையில் விழுந்து, மைக் செத்துவிட்டது என்ற நம்பிக்கையில், எனக்குள் சலித்துக்கொண்டேன். "ராக்காயினு வச்சிருந்தா இந்தப் பாடு எதுக்கு" என்றேன். மனுசனுக்குச் சலிப்பு வராதா? அந்தப் பேச்சில் அம்மாவின் பெயர் மூன்று தடவை வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. பச்சைக் கோடு ஆடவில்லை, செத்துக் கிடந்தது, நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன சாமான் காலையிலிருந்து கத்தியதையெல்லாம் தின்றுவிட்டு, இந்த முணுமுணுப்பை மட்டும் தேன் மாதிரி கொண்டுபோய்ப் பிள்ளையின் காதில் ஊற்றியிருக்கிறது. ஹெட்செட் அந்த நேரம் பிள்ளையின் காதோடு இருந்ததாம். அது கையைக் காலை உதறாமல் கேட்டதாம். படத்தில் பார்த்தேன், எல்லோரும் பெரட்டில் பெயர் கூப்பிடாத ஆட்களைப் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டு ஒரு அழுகை. பேப்பரில் லியக்ஷிகா என்று எழுதினால் போதாதா என்று சுதாகரன் கேட்டதற்கு, "காதுல மூணு தரம் விழுந்துருச்சே தம்பி, இனி மாத்துனா பிள்ளைக்கு ஆகாது" என்று அவரே சொல்லி, அவரே மறுபடி அழுதார். தனுஜா அழவில்லை. என்னைப் பார்த்து, "மாமா, நீங்க வேணும்னேதான் செஞ்சீங்க" என்றாள். படத்தை அணைத்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை பிள்ளையின் முகத்தை எனக்குக் காட்டவில்லை. சுதாகரனிடம் கேட்டால், "அப்பா, அவ கோவம் ஆறட்டும்" என்கிறான். முப்பத்தொரு நாள் பிள்ளை இப்போது நாற்பத்தொரு நாள் பிள்ளை. இந்தப் பத்து நாளில் சிரிக்கத் தொடங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை. வினோஜா, எனக்கு வயது அறுபத்தேழு, கட்டாருக்குப் போகும் நாள் எனக்கு வரப்போவதில்லை, அந்த முகத்தைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லையடா.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. இக்கடிதம் கண்டவுடன் உன் கடை முத்திரையோடு தனுஜாவுக்கு ஒரு கடிதம் எழுது. மேற்படி கம்பியூட்டரின் மைக் பழுதானது என்றும், அதில் பேசுபவருக்குத் தன் பேச்சு போகிறதா இல்லையா என்று தெரிய எந்த வழியும் கிடையாது என்றும், என் மாமா கந்தப்பன் இந்த விஷயத்தில் ஒரு பாவமும் அறியாதவர் என்றும் தெளிவாக எழுது. இங்கிலீசிலும் ஒன்று எழுது, பார்ப்பதற்குக் கனமாக இருக்கும். எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து உன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போ. வராவிட்டால் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துவிடுவேன், பிறகு மாமா இப்படிச் செய்துவிட்டார் என்று உன் அம்மாவிடம் போய் நிற்காதே.

என்ன இருந்தாலும் நீ என் தங்கை பிள்ளை. தீர்க்காயுசோடும், நல்ல பெண்சாதியோடும், மாமனைக் கத்தாதே என்று சொல்லாத புத்தியோடும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நாகலெட்சுமிக்கு என் அன்பைச் சொல். அவளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தொண்டையும் மானமும் போன உன் மாமன்,
கந்தப்பன்
(ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனேன். அத்தை பத்து நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பச்சைக் கோடு ஆடலைனு எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "நா பக்கத்துலதானே நின்னேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோடு ஆடியது வினோஜா. முதல் தடவை சலிப்பில்தான் வந்தது, அது சத்தியம். சொன்னதும் கோடு எழும்பி ஆடியதைப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நான் கணக்கப்பிள்ளையாகி முதல் பதினொரு வருஷம் உன் அம்மாயி என் பெரட்டில்தான் நின்றாள். அங்கே அம்மா என்று கூப்பிட முடியாது. எல்லோரையும் கூப்பிடுவது போல "ராக்காயி!" என்று கத்துவேன். "இருக்கேங்கய்யா" என்பாள். பெற்ற மகனை ஐயா என்பாள். வீட்டுக்கு வந்து நானும் அதைப் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. அந்தப் பெயரை நான் மெதுவாகச் சொன்னது அந்த வெள்ளிக்கிழமைதான்.

நீ ஒன்றும் எழுதிக் கொடுக்க வேண்டாம். கம்பியூட்டரை எடுக்கவும் வர வேண்டாம். தனுஜாவிடம் நானே உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். மெதுவாகப் பேசுகிறேன்.