பதினோரு நிமிடத்தைப் பெற்றெடுத்தவர்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கைகூப்ப வேண்டியது எங்கள் விமான நிலையத்தின் தூர அளவைப் பிரிவைத்தான். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டி விமான நிலையம், அந்தப் பக்கம் இன்னொன்று. நடுவே ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். மலையைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் நாலு மணி நேரம். விமானத்தில் பதினோரு நிமிடம்.

அந்தப் பதினோரு நிமிடத்தைப் பெற்றெடுத்தவர் அந்தப் பிரிவின் தூர அலுவலர். முதலில் அது பதினான்காகத்தான் இருந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? மூன்று கூட்டம் போட்டு, கூட்டத்துக்கு ஒரு நிமிடம் வீதம் நகர்த்தினார். இரண்டு ஊரிலும் ‘பதினோரே நிமிடம்!’ என்று பலகை வைத்தார்கள். பெட்டி நிறுக்கும் தராசு, நாற்காலிகள், அறிவிப்புக் குரல் எல்லாம் தயார். விமானம் ஒன்றுதான் பாக்கி. அது சில்லறை விஷயம்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து அவருடைய தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அப்பாவுக்கு வலி தாங்கல. பித்தப்பையில கல்லாம். மாசத்துல ஒரு நாள் வர்ற பெரிய டாக்டர் இன்னைக்கு வந்திருக்கார். ஒரு மணிக்கு ஆபரேஷன். உன்னைப் பாக்காம உள்ள போக மாட்டேன்னு அப்பா அடம் பிடிக்கிறார்."

அலுவலர் பதறிப்போய் மேலாளரிடம் லீவு கடிதத்தை நீட்டினார்.

"ஒரு நாள் லீவா? போக பதினொண்ணு, வர பதினொண்ணு. இருபத்திரண்டு நிமிஷம் பர்மிஷன் எழுதிக் குடுங்க."

"சார், விமானம் இன்னும் வரலையே."

"அது நம்ம பிரிவு இல்ல. நம்ம பிரிவு தூரம். அது வந்தாச்சா இல்லையா?"

"வந்தாச்சு சார்."

"அப்புறம் ஏன் ‘பஸ்ஸில் செல்வதால்’னு எழுதியிருக்கீங்க? நம்ம பலகையை நாமளே நம்பலைன்னா ஊரு சிரிக்காதா?"

அதிலிருந்த நியாயம் அலுவலருக்கே உறைத்தது. ‘பஸ்’ஸை அடித்து, புதிதாக மூன்று பிரதி எழுதி, முத்திரை வாங்கி வெளியே வந்தபோது மணி பதினொன்று. ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மூன்றேகால். வார்டு வாசலிலேயே தங்கை பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மணிக்கே கூப்பிட்டாங்க. அப்பா கட்டிலை விட்டு அசையல. ‘பையன் ஏர்போர்ட்டுல பெரிய ஆளு, பதினோரு நிமிஷத்துல வந்துருவான்’னுட்டார். டாக்டரும் அந்தப் பலகையைப் பாத்தவர்தானே. பதினோரு நிமிஷம், இன்னும் பதினோரு நிமிஷம்னு ஒன்றரை மணி நேரம் காத்திருந்துட்டுக் கிளம்பிட்டார். இனி அடுத்த மாசம்தான்!"

அலுவலர் வார்டுக்குள் ஓடினார். உள்ளே அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மகனைக் கண்டதும் அந்த வலியிலும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? உன்மேல தப்பில்லடா. நீ என்ன பண்ணுவ? ஒண்ணு மட்டும் சொல்லு. பதினோரு நிமிஷம்னு எழுதி வச்சானே ஒரு படுபாவி, அவன் யாருடா?"

அலுவலரின் கண் கலங்கியது. அப்பாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"விசாரிக்கச் சொல்றேன்ப்பா" என்றார்.