முட்டி தட்டும் கூடு

எலும்புக்கூட்டின் முட்டிகள் மறுபடி இடித்துக்கொண்டன. டக்.

மின்விசிறி ஓடவில்லை. சன்னலும் சாத்தியிருந்தது. உடற்கூற்று ஆய்வகத்தின் புது உதவியாளர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மாற்றலாகி வரும் பேராசிரியர் தன் பெட்டிகளை முன்னதாக அனுப்பியிருந்தார். ஒரு பெட்டியில் இது எலும்பு எலும்பாக வந்திருந்தது. கம்பி கோத்து நிறுத்திவைக்க உத்தரவு. உதவியாளரின் வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருந்தது. இன்று காலை வருகிறார். கூடோ முட்டி ஒட்டி, பாதம் விலகி, அவசரமாக ஒன்றுக்கு வந்தவன்போல் நின்றது.

"நான்தான் தப்பாக் கோத்துட்டேன்" என்று கம்பியை முறுக்கினார். டக், டக். இப்போது இரண்டு தடவை.

கால்களை இடம் வலம் மாற்றினார். குதிரையில் ஏறியவன்போல் வில்லாக வளைந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். பழையபடி மாட்டினார்.

பக்கத்து அறை விரிவுரையாளர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, காப்பாத்துங்க. முட்டி தட்டுது."

"கோத்தது சரிதான் தம்பி. தொடையெலும்போட அடிமுனையைப் பாரு. ரெண்டு குமிழ் இருக்கா? வெளிப்பக்கக் குமிழ் சரியா வளரல, உள்பக்கம் கீழ இறங்கிடுச்சு. அதான் கீழ்க்கால் வெளிய சாயுது. சின்ன வயசுல சத்துக்குறைவா இருக்கலாம், குடும்ப வாகாவும் இருக்கலாம்."

"அப்ப உள்பக்கத்தைக் கொஞ்சம் குறைச்சா?"

"உசிரோட இருந்தா ஆபரேஷன் பண்ணி நேராக்கலாம். இதுக்கு எதுக்கு? சும்மா விடு."

அவர் போனதும் உதவியாளர் அரத்தை எடுத்தார்.

ஒரு முட்டியை ராவினார். கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றதையும் ராவினார். ஒவ்வொரு இழுப்புக்கும் தாடை மெல்லத் திறந்து மூடியது. "கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் அதனிடம். பயந்துபோய்த்தான் சொன்னார்.

ஒருவழியாகக் கால்கள் நேராயின. டக் சத்தம் நின்றது. அப்படி நின்றதுதான் இன்னும் கலவரமாக இருந்தது.

வராந்தாவில் சரக், சரக் என்று துணி உரசிக்கொண்டு வந்தது. பேராசிரியர் உள்ளே நுழைந்தார். நடக்கையில் அவருடைய கால்சட்டை முட்டியோடு முட்டி தேய்ந்தது.

"நேரா நிறுத்திட்டேன் சார்" என்றார் உதவியாளர், பெருமை தாங்காமல்.

பேராசிரியர் கூட்டை மேலிருந்து கீழே பார்த்தார். குனிந்து, தரையில் கிடந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டார்.

"எங்கப்பா முட்டியை யாருய்யா ராவினது?"