நிஹால் அத்தை, பலம் பத்து

அட்டையைப் படித்து முடித்ததும் ரவூஃபுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

'நிஹால் அத்தை. பலம்: 10. ஆயுதம்: முறைப்பு. பலவீனம்: கிடையாது. சிறப்புச் சக்தி: எந்த மாப்பிள்ளையையும் ஒரே கேள்வியில் விரட்டிவிடுவார். இதுவரை: 4.'

மேலே கறுப்பு மையில் படம். புருவம் இரண்டும் வளைந்த கத்தி மாதிரி. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு.

அவன் தங்கையான அதே நிஹாலைப் பெண் கேட்டு, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தமன்ஹூரிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். பள்ளிவாசலில் இப்போதுதான் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள்.

"ஜுமானா! யாசீன்! இங்க வாங்க ரெண்டு பேரும்!"

பத்து வயது ஜுமானா முன்னால் வந்தாள். ஏழு வயது யாசீன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தான்.

"என்ன இது?"

"நீங்க சொல்லிக்குடுத்த விளையாட்டுதான் அப்பா."

அது உண்மைதான். போன மாதம் அலெக்ஸாந்திரியாவில் கடல் பொங்கி, பள்ளிக்கூடம் மூடி, மின்சாரமும் போன வாரத்தில், இந்த யோசனையைச் சொன்னவனே ரவூஃப்தான். இனிப்புப் பெட்டிகளை வெட்டி அட்டை செய்துகொடுத்தான். ஆளுக்கு ஒரு அட்டை, பலம், பலவீனம், சக்தி என்று விதிகளும் வகுத்தான். துறைமுகத்தில் கப்பல் படம் வரைகிற உத்தியோகம் என்பதால் கோடெல்லாம் நேராகப் போட்டான். அதில் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

மீதி அட்டைகளைப் புரட்டினான். 'முதல் மாப்பிள்ளை. பலம்: 2. பலவீனம்: அவங்க அம்மா.' அடுத்தது: 'மூன்றாம் மாப்பிள்ளை. பலம்: 1. ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பைத் தனியாகத் தின்பார்.'

"யா அல்லாஹ்! இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"வேற யாரும் பாக்கல அப்பா," என்றாள் ஜுமானா. "பள்ளிக்கூடத்துல மட்டும்தான்."

ரவூஃப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "பள்ளிக்கூடத்துலயா?"

"எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் போட்டோம். அத்தைக்கு மட்டும் போடல. அதிக பலம் உள்ளது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்னு நீங்கதானே விதி வச்சீங்க?"

"நாலாவது மாப்பிள்ளை அட்டையைப் பாத்து எங்க கணக்கு சார் ரொம்ப சிரிச்சார்," என்றான் யாசீன். "அந்த மாப்பிள்ளை அவரோட அண்ணனாம்."

பள்ளிக்கூடக் கதையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு வருகிறவர்கள் கண்ணில் இது பட்டால் ஐந்தாவது சம்பந்தமும் படியிறங்கிவிடும். நிஹாலுக்கு முப்பத்தொன்று. மருந்துக்கடை வைத்து நடத்துகிறாள், யாருக்கும் தலைவணங்க மாட்டாள். 'இதுதான் கடைசி, இனிமே என்னைக் காட்சிப்பொருளா உக்கார வைக்காத' என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்திருந்தாள்.

"இதை மாத்தி எழுதுங்க. அத்தை சாது, பொறுமைசாலி, நல்லா சமைப்பாங்கன்னு போடுங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொய் அட்டைக்குப் பலம் பூஜ்யம்," என்றாள் ஜுமானா. "அதுவும் உங்க விதிதான்."

"அப்ப அந்த வரியை மட்டுமாவது அடிங்க!"

யாசீன் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோது 'விரட்டிவிடுவார்' அடிக்கப்பட்டு, அதே இடத்தில் சிவப்பு மையில் 'வீழ்த்திவிடுவார்' என்று இருந்தது. படத்தில் நிஹாலின் காலடியில் நான்கு மீசைகள் புதிதாக முளைத்திருந்தன.

அழைப்பு மணி அடித்தது.

ரவூஃப் கட்டோடு அட்டைகளைப் பிள்ளைகள் கையில் திணித்து, இரண்டு பேரையும் பின்பக்க மாடிப்படி வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளினான். நிஹால் அட்டை மட்டும் அவன் கையிலேயே இருந்தது. அதை சோபா மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுக் கதவைத் திறந்தான்.

வாசலில் நனைந்த குடையோடு ஒருவர், ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டியோடு ஓர் அம்மாள்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்!"

"எங்களையா?" அவர் மனைவியைப் பார்த்தார். "அப்ப விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? இதுல கூச்சப்பட என்ன இருக்கு?"

"நான் கூச்சப்பட்டேங்க. இவதான் பையனுக்காக இழுத்துட்டு வந்தா."

"பையன் வரலையா?"

"கீழ கார்ல இருக்கான். மேல வர வெட்கமாம்."

வெட்கப்படும் மாப்பிள்ளை! ரவூஃபுக்கு அது நல்ல சகுனமாகவே பட்டது. அந்த அம்மாள் நேராகப் போய், இத்தனை இடம் இருக்க, அந்த மெத்தை மேலேயே உட்கார்ந்தாள்.

"நான் சுத்தி வளைக்க விரும்பல தம்பி. எங்க பையன் ரெண்டு வாரமா சரியா சாப்பிடறதில்ல. வாயைத் திறந்தா நிஹால், நிஹால்தான்."

ரவூஃபுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போட்டோவைப் பார்த்ததற்கே இப்படியா?

"வேற எத்தனையோ காட்டினோம். எதுவும் வேணாங்கிறான்," என்றார் கணவர். "பாவம், மூணு தடவை கைக்கு வந்து நழுவிப் போச்சு. கடைசித் தடவை பஸ்லயே வச்சுத் திரும்பப் பறிச்சுக்கிட்டாங்க."

"பஸ்லயா?"

"எல்லார் முன்னாடியும். அன்னைக்கு அழுதான் பாருங்க!"

மூன்று நிச்சயதார்த்தம் முறிந்த மனுஷன். சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் இதைச் சொல்லவே இல்லை. ஆனால் நான்கு பேரைத் துரத்திய தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு தான் என்னத்தைக் கேட்பது?

அம்மாள் நெளிந்தாள். "இங்க ஏதோ குத்துதே" என்று மெத்தைக்கு அடியில் கைவிட்டாள். அட்டை வெளியே வந்தது.

ரவூஃபுக்கு உலகமே நின்றுவிட்டது. அவள் ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தாள். முறைப்பு. வீழ்த்துவது. மீசைகள்.

"அது வந்து... குழந்தைங்க விளையாட்டு..."

"விளையாட்டா? எங்க வீட்டுல தூக்கமே போச்சு தம்பி!" அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அவன் சொன்னது அத்தனையும் நிஜம். இந்த முறைப்புக்குத்தான் அவன் மயங்கிக் கிடக்கான்!"

அந்த நேரம் பார்த்து நிஹால் காபித் தட்டோடு வந்தாள். பின்னாலேயே ரவூஃபின் மனைவி இனாஸ்.

"நீங்கதானா நிஹால்!" அம்மாள் எழுந்தே விட்டாள். "நேர்ல எவ்வளவு லட்சணமா இருக்கீங்க! படத்துல பயந்துட்டேன்."

நிஹாலின் பார்வை அட்டையில் விழுந்தது. ரவூஃப் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதைப் படிச்ச பிறகுமா உக்காந்திருக்கீங்க?" என்றாள் நிஹால்.

"இதுக்காகத்தாம்மா வந்திருக்கோம்."

நிஹால் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான்கு பேரை விரட்டிய அந்தக் கேள்வி வரப்போகிறது என்று ரவூஃபுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க பையனுக்கு நினைச்சது நடக்கலேன்னா என்ன செய்வார்?"

"தரையில புரண்டு காலை உதைப்பான்," என்றாள் அந்த அம்மாள் யோசிக்காமல். "ஒரு சாக்லேட் குடுத்தா சரியாப் போயிடும்."

இனாஸ் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினாள். ஆனால் நிஹால் முதலில் லேசாக, பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அண்ணா, வந்த நாலு அம்மாவும் 'எம்பையனுக்குக் கோபமே வராது'ன்னாங்க. உண்மையைச் சொல்ற அம்மாவை இன்னைக்குத்தான் பாக்கறேன்." அவள் முகம் சிவந்திருந்தது. "எனக்குச் சம்மதம்."

"அப்ப நிஹாலை நாங்க எடுத்துக்கலாமா?" அம்மாள் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து நழுவி வந்த யாசீன் கதவோரம் நின்று கத்தினான். "அப்பா! அத்தையைக் குடுக்காதீங்க!"

"என்னைக்காவது ஒரு நாள் குடுத்துத்தாண்டா ஆகணும்," என்றான் ரவூஃப் தழுதழுத்து. "எடுத்துக்குங்க. கண்கலங்காம வச்சுக்குங்க, அது போதும்."

"உறை போட்டே வச்சுக்குவான்," என்றார் கணவர்.

பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டான் ரவூஃப். சந்தோஷத்தில் காது சரியாகக் கேட்கவில்லை. "ஃபாத்திஹா ஓதிடுவோமா?" என்றான், சம்பந்தம் பேசி முடித்ததும் ஓதுகிற வழக்கப்படி.

தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இதுக்குமா?" என்று தொடங்கிய கணவரை மனைவி முழங்கையால் இடித்தாள். பக்தியான குடும்பம் என்று நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் கையேந்தி ஓதினார்கள். ஆமீன் சொன்ன கையோடு இனாஸ் வாயருகே கையை வைத்து ஒரு குலவை போட்டாள் பாருங்கள், நான்கு மாடியும் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அங்கிருந்தே பதில் குலவை போட்டார்கள். விருந்தாளி அம்மாளும் மிரண்டுபோய், மரியாதைக்குத் தானும் ஒன்று போட்டுவைத்தாள்.

நிஹால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரை மேல கூப்பிடுங்க. பாவம், மழையில கார்லயே எவ்வளவு நேரம்?"

ரவூஃப் கதவைத் திறந்தான். கட்டடத்துக் காவல்காரர் சாபிர் மூச்சு வாங்க, கையில் ஒரு பெரிய ரோஜாப் பூங்கொத்தோடு நின்றிருந்தார்.

"சார், கார்ல இருக்கிற இவங்க சின்னப்பையன் 'நிஹால் அட்டை கிடைச்சுதா, கிடைச்சுதா'ன்னு ஒரே அழுகை, அவனைச் சமாதானப்படுத்திட்டு இருந்ததுல சொல்ல விட்டுப்போச்சு, தமன்ஹூர்லேர்ந்து பொண்ணு கேக்க வந்தவங்க உங்க வீட்டுக் குலவையைக் கேட்டுட்டு, பொண்ணுக்கு நல்ல இடம் முடிஞ்சுதுபோல, வாழ்த்துச் சொல்லிடுங்கன்னு இதைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."