மாப்பிள்ளை வீட்டாரை அழவைத்த பெப்பர்மின்ட் எண்ணெய்

ஒரு பொருளின் அருமையைப் புதிதாகத் தெரிந்துகொண்டவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது மகா கஷ்டம். தானும் சும்மா இருக்க மாட்டான், அடுத்தவரையும் சும்மா இருக்க விட மாட்டான். எங்கள் வீட்டில் அவன் நான்தான். பொருள், பெப்பர்மின்ட் எண்ணெய்.

இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரியில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வந்துபோகும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சோப்பு, ஊதுவத்தி, வாசனை எண்ணெய் விற்கும் கடை. உள்ளே வருகிறவர்களுக்குப் பிரெஞ்சில் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். (அதற்கு மேல் அவர்கள் பேசினால் சிரித்தே சமாளிக்க வேண்டும்.) அங்கேதான் அந்தச் சின்னப் புட்டி எனக்கு அறிமுகமானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிறதா? கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு மோந்தால் தூக்கம் ஓடிவிடும். கண்ணாடி அலமாரி துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் கடையே குளுகுளுவென்று ஆகிவிடும். அடடா, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் என்னத்தைப் பிழைத்தோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை!

வைத்திக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு புட்டி வாங்கிப் போனேன். சர்க்கரை டப்பாவைச் சுற்றித் தடவினேன், எறும்பு வரவில்லை. பஞ்சில் நனைத்து அலமாரி மூலையில் வைத்தேன், எலி பக்கத்து அலமாரிக்குக் குடிபோனது. மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுத் தலைவலியோடு வரும் அம்மாவின் நெற்றியிலும், வலை இழுத்துக் கன்னிப்போன அப்பாவின் தோளிலும் தேங்காயெண்ணெயில் கலந்து தேய்த்தேன்.

“எரியுதுடா,” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நல்லா எரியுது,” என்றார். எனக்கு அதுவே பட்டம் வாங்கின மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலர் அக்காவைப் பெண் பார்க்கக் குருசுக்குப்பத்திலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை படகு இஞ்சின் மெக்கானிக். மாசி மகத்துக்குச் சாமியெல்லாம் எங்கள் கடற்கரைக்கு வந்தபோது, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் அக்கா அவரைப் பார்த்துவைத்திருந்தாள். பார்த்ததிலிருந்து வேறு எந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசினாலும் தலைவலி என்று படுத்துவிடுவாள். (எண்ணெய் தேய்த்தாலும் போகாத ஒரே தலைவலி அதுதான்.)

“இது மட்டும் கெட்டுச்சின்னா உன்னக் கொண்டும்போய் கடல்ல தள்ளிடுவேன்,” என்றாள் என்னிடம். அப்போது நான் ஒன்றுமே செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

எனக்கு ஒரே கவலைதான். எங்கள் வீட்டில் மீன் வாடை அடிக்கும். பொன்ழூர் சொல்கிற தம்பி இருக்கிற வீட்டில் கருவாட்டு வாசனையா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளி நிறைய வெந்நீர் எடுத்தேன். ஒரு வாளிக்கு ஐந்தாறு சொட்டு என்பது கடைக் கணக்கு. கல்யாண விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று மூடியோடு சொட்டுக்குழாயையும் பிடுங்கிப்போட்டுப் பாதிப் புட்டியைக் கவிழ்த்தேன். வீடு முழுக்கத் துடைத்தேன். மீதிப் பாதியைக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கும் திரையில் தெளித்தேன். வாசனை வெளியே போய் வீணாகிவிடக் கூடாதே என்று சன்னலையெல்லாம் சாத்தினேன்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?”

“அதெல்லாம் இல்லீங்க,” என்றாள் அம்மா.

“மீன் வாடையே காணமே. அண்ணன் இப்ப தொழிலுக்குப் போறதில்லியா?”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஒரு நாள்கூடத் தவறாமல் கடலுக்குப் போகிற மனிதர். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதற்கிடையில் அக்கா மாப்பிள்ளையை இன்னொரு தரம் பார்த்துவிடும் ஆசையில், திரையில் முகத்தைப் புதைத்து அதன் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அம்மா கூப்பிட்டதும் காபித் தட்டோடு வெளியே வந்தாள் பாருங்கள்! கண் இரண்டும் கோவைப்பழம். கன்னத்தில் தாரை தாரையாகத் தண்ணீர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாப்பிள்ளை முன்னால் வந்து விசும்பினாள்.

மாப்பிள்ளை காபியை எடுக்கவில்லை. எழுந்துவிட்டார்.

“பொண்ணுக்கு இஷ்டமில்ல போல. அழ வச்சி ஒரு பொண்ணக் கட்டிக்க மாட்டேம்மா. வா, போலாம்.”

எவ்வளவு நல்ல மனிதர்! அந்த நல்ல மனிதர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கும்போது பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தினாள்:

“ஐயோ, எனக்கு இஷ்டம்தாங்க! மாசி மகத்துலயே பாத்து எனக்குப் புடிச்சிப் போச்சி! கண்ணுதாங்க எரியுது! இந்தப் பரதேசி பண்ண வேல!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரையைக் காட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா லேசில் நம்புகிறவர் இல்லை. நேரே போய்த் திரையை முகத்தில் ஒற்றிப் பார்த்தார். திரும்பி வரும்போது அவருக்கும் பொலபொலவென்று கண்ணீர். “நெசம்தாண்ணே,” என்றார் தன் அண்ணனிடம். அப்படியும் சந்தேகப்பட்ட தாய்மாமனும் போய் ஒற்றிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“சன்னலத் தொறடா, எருமை!” என்றார் அப்பா.

எல்லோரும் அழுதபடி வாசலுக்கு ஓடினோம். எதிர்வீட்டம்மா எங்களைப் பார்த்துவிட்டு, யாரோ போய்விட்டார்கள் என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். கடல்காற்று வீச, வாசலிலேயே நின்றபடி தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, அதுவும் இரண்டு மூக்குத் துவாரத்திலும் தாராளமாக வந்தது.

கல்யாணம் முடிந்து அக்கா புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். அம்மா அழுதாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வேனில் ஏறினாள். “ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல பாரேன்,” என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அக்காவின் மாமியார் திரும்பி நின்றார்.

“அவ அழ வேண்டியதெல்லாம் அன்னிக்கே என் எதுர்ல அழுது முடிச்சிட்டா. இனிமே என் வூட்ல அவ அழ மாட்டா.”

அன்று பந்தலில் மிக அதிகமாக அழுதது நான்தான். ஒருவரும் நம்பவில்லை. இன்றும் எங்கள் இரண்டு வீட்டிலும் யார் கண் கலங்கினாலும், என்ன ஏது என்று விசாரிப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்து மோந்து பார்க்கிறார்கள்.