அகழியில் தண்ணீர் உண்டா என்பது குறித்து

பொதுமக்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் இலுப்பந்தாங்கல் ஏரியில் இந்த வருஷம் தண்ணி இருந்தது. தப்பு எங்க மேலதான். ஏரி காஞ்சு கெடந்திருந்தா ஒரு அதிகாரியும் எங்க ஊருக்கு வழி கேட்டிருக்க மாட்டாரு.

என் பேரு தோமினிக். கொஞ்சம் கழனி வச்சிருக்கேன், நிறைய கோவம் வச்சிருக்கேன். மாசி மாசம் என் நெல்லு பொதி கட்டி நின்னுது. கதிரு வெளிய தள்ற அந்த நேரத்துல தண்ணி பாயலன்னா அப்புறம் நெல்லு தூத்த முடியாது, பதருதான் தூத்தணும். ஏரியில இருந்ததும் ஊர்க் கழனிக்குச் சரியாப் போற தண்ணிதான். ஒரு சொம்பு மிச்சம் கிடையாது.

ஏரிக்கு அந்தாண்ட 'அதிரடி வேர்ல்டு'ன்னு ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்குது. ராட்சச ராட்டினம் சுத்துவாங்க, குழாய்க்குள்ள வழுக்கிக்கினு வந்து தண்ணியில விழுவாங்க, காசு குடுத்து அலறுவாங்க. அந்தப் பூங்காக்காரங்க 'கொத்தளத்தான்' படத்தை வச்சு உள்ளுக்குள்ள ஒரு கோட்டை கட்டப்போறதா அறிவிச்சாங்க. கோட்டை ஊர்ல எதுக்குய்யா கோட்டைன்னு நீங்க கேக்கலாம். நிஜக் கோட்டையில மலையேறணும், மூச்சு வாங்கும். இதுல லிப்ட் இருக்குது.

'கொத்தளத்தான்' படம் பாத்திருப்பீங்க. பாக்கலன்னா வெளிய சொல்லிடாதீங்க, ஒதைப்பாங்க. முதல் பாகத்துல அகழி நிறைய தண்ணி, தண்ணி நிறைய முதலை. அண்ணன் வாயில கத்தியைக் கவ்விக்கினு நீந்தி வருவாரு. இரண்டாம் பாகத்துல வில்லன் அகழியை வடிச்சுடுவான். அண்ணன் காஞ்ச அகழியில குதிரை ஓட்டிக்கினு வருவாரு. அண்ணன்னா யாருன்னு கேக்கக்கூடாது. அண்ணன்னா அண்ணன்தான்.

இப்ப பூங்காவுல கட்டுற கோட்டைக்கு அகழி வேணும். அந்த அகழியில தண்ணி உண்டா, இல்லையா? சண்டை இதுதான்.

முதல்ல ரசிகருங்க போன்ல அடிச்சிக்கினாங்க. அப்புறம் டீக்கடையில. மேல்சித்தாமூர் ரோட்டுல ஒரு நிச்சயதார்த்தமே நின்னுபோச்சு, பொண்ணு வீட்டார் முதல் பாகம், மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் பாகம். சட்டம் ஒழுங்குக்குப் பங்கம் வந்துடக்கூடாதுன்னு மேலிடம் உடனே 'கேளிக்கைப் பூங்கா நல்லிணக்கத் தனி அலுவலகம்'னு ஒண்ணைத் திறந்து, ராஜாங்கம்னு ஒரு தனி அலுவலரையும் போட்டுது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில ஆபீசு. எங்க ஊருக்கு ரோடு கேட்டு எங்கப்பா காலத்துலேர்ந்து நடக்குறோம். இவங்களுக்கு ஒரே வாரத்துல ஆபீசே வந்துடுச்சு, பேன் உட்பட.

ராஜாங்கம் சார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டாரு. எங்க ஏரிச் சங்கத் தலைவர் பச்சமுத்துவும் நானும் போனோம். பச்சமுத்து ரொம்ப நிதானமான ஆளு. மதகுச் சாவி அவரு இடுப்புலதான் தொங்கும். அவரு மனசு வச்சாதான் எந்தப் பக்கத்து வாய்க்காலுக்கும் தண்ணி.

"அகழியில் நீர் இருந்தது என்று நிரூபணமானால்," ராஜாங்கம் சார் தொண்டையைச் செருமிக்கினாரு, "அருகிலுள்ள நீர்நிலையிலிருந்து அகழி நிரப்பப்படும். இது பாசனம் அல்ல. கலை."

"சார், அருகிலுள்ள நீர்நிலைன்னா எங்க ஏரி" என்றேன் நான்.

"மகிழ்ச்சி."

"எங்க பயிரு பொதி கட்டி நிக்குது சார்."

"நீங்கள் முதல் பாகமா, இரண்டாம் பாகமா?"

"நான் விவசாயி சார்."

அவரு மேசையை மேலயும் கீழயும் பாத்தாரு. "அப்படி ஒரு தரப்பு இந்தப் பேச்சுவார்த்தையில் இல்லையே. ரசிகர் அல்லாதோர் பார்வையாளர் வரிசையில் அமைதியாக அமரவும்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "இன்னா சார் இது? அகழியில தண்ணி இருந்துதா இல்லையான்னு தெரியணும், அவ்ளோதான? இதோ இருக்குது நிஜக் கோட்டை. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா ஆச்சு."

எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. முதல் பாக ரசிகர் மன்றத் தலைவன் சேரன், செல்போன் கடைக்காரன், சிரிச்சுட்டான். "பெரியப்பா, படம் இங்க எடுக்கல. வெளிமாநிலத்துல செட்டு போட்டு எடுத்தாங்க."

"ஆகவே," ராஜாங்கம் சார் முடிச்சு வச்சாரு, "செஞ்சிக் கோட்டை இந்த விவகாரத்தில் சம்பந்தப்படாத ஒரு கட்டடம்."

அன்னிக்குக் கூட்டத்துல சேரன் பக்கம் திருவிழாக் கூட்டம். இரண்டாம் பாகத்து மன்றத்துல மொத்தமே பெலிக்ஸ் ஒருத்தன்தான், போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கவன். அந்தப் பாகம் ஓடல. அவனும் இடைவேளைக்கு அப்புறம் தூங்கிட்டதா கேள்வி. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு கண்ணு தெரியாதவனுக்குக்கூட தெரியும்.

திரும்பி வர்ற பஸ்சுல பச்சமுத்து வெளியவே பாத்துக்கினு வந்தாரு. ஊர் எல்லையில இறங்கும்போது சொன்னாரு: "தோமினிக்கு, விவசாயியா இருந்து தண்ணியைக் காப்பாத்த முடியாது. ரசிகனா ஆயிடுவோம்."

சிரிக்காதீங்க. அதைவிட நல்ல யோசனை இருந்தா நீங்க சொல்லியிருக்கலாமே.

மறுநாள் மாதா கோயில் பாரிஷ் ஹால்ல ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, பெலிக்ஸ் இரண்டாம் பாகத்தைத் திரையில ஓட்டினான். ஊரே உக்காந்து பாத்தது. பாடம் படிக்கிற மாதிரி பாத்தோம், ஏன்னா படமா பாக்க முடியல. பச்சமுத்து முதல் தடவை கொட்டாவி விட்டாரு. ரெண்டாவது தடவை நிமிந்து உக்காந்தாரு. அண்ணன் காஞ்ச அகழியில குதிரையை விட்டு இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி நெத்தியில வச்சு சத்தியம் பண்ற கட்டம் வருது. அடுத்த தடவை அந்தக் கட்டத்துல பச்சமுத்து தேம்பித் தேம்பி அழுதாரு.

"அந்த மண்ணைப் பாத்தியா? நம்ம கழனி மண்ணு மாதிரியே இருக்குதுய்யா. அண்ணன் நமக்காகத்தான்யா சத்தியம் பண்றாரு."

அண்ணன் வயசு பச்சமுத்துவோட மூத்த பையன் வயசு. அதையெல்லாம் யாரு பாக்குறாங்க.

மன்றம்னா சும்மாவா? பிளக்ஸ் வச்சோம். 'வறண்ட அகழியின் வற்றாத ஜீவநதியே'ன்னு எழுதி, கீழ எங்க மூஞ்சியெல்லாம் வரிசையா. குதிரை மேல அண்ணன் நிக்கிற கட்டவுட்டை, மாதா கோயில் கொடிமரத்துக்குக் கட்ற கயித்தாலயே தூக்கி நிறுத்தினோம். பாலாபிஷேகத்தன்னைக்கு எங்க ஊர்லேர்ந்து சொசைட்டிக்கு ஒரு சொட்டு பால் போகல. என் பொண்டாட்டி இருதயமேரி வெறுங்கேனை ஆட்டிக்கினு வந்தா.

"இன்னா கூத்து இது? கன்னுக்குட்டிக்கு மிச்சம் வெக்காம அட்டைக்கு ஊத்துறீங்க?"

"தண்ணிக்காகத்தான்டீ பாலு" என்றேன்.

"பாலுல பாதி தண்ணிதான். தண்ணியையே ஊத்தியிருக்கலாம் இல்ல?"

"தண்ணி பயிருக்கு வேணும்" என்றேன். அவ என்னை ஏற இறங்கப் பாத்துட்டுப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு அரசியல் புரியாதுன்னு அப்ப நெனச்சேன்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாங்க டிராக்டர்ல போனோம். எல்லாரும் குதிரை படம் போட்ட மஞ்சள் பனியன். ராஜாங்கம் சார் எங்களைப் பாத்ததும் எழுந்தே நின்னுட்டாரு. முன் வரிசையில நாற்காலி. விவசாயியா வந்தப்ப குடிக்கத் தண்ணி கேட்டதுக்குக் கீழ கடையைக் காட்டினவங்க, அன்னிக்கு ரோஸ் மில்க் குடுத்தாங்க.

சேரன் எடுத்த எடுப்புல பாஞ்சான். "முதலை இல்லாத அகழி ஒரு அகழியா? அண்ணன் நீந்தலன்னா அண்ணனா?"

பச்சமுத்து நிதானமா எழுந்தாரு. "தம்பி, குதிரை ஓடும்போது பின்னால புழுதி பறக்குதே, பாத்தியா?"

"பாத்தேன்."

"தண்ணியில புழுதி பறக்குமா?"

ராஜாங்கம் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "புழுதி மிகவும் பலமான ஆதாரம்."

"அது கிராபிக்ஸ் சார்!" சேரன் கத்தினான்.

"அப்படியானால் முதலை?"

சேரன் உக்காந்துட்டான். அகழி வறண்டதே என்று அலுவலகம் தீர்மானித்தது. எங்க ஏரி தப்பிச்சுது. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஊர் வரைக்கும் தாரை தப்பட்டை, பட்டாசு. பச்சமுத்துவைத் தோள்ல தூக்கினோம். அன்னிக்கு நான் சந்தோஷத்துல என் கழனிக்குப் போய், பச்சையா பொதி கட்டி நின்ன பயிரைத் தடவிக் குடுத்துட்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துது. வெள்ளிக்கிழமை மூணாம் பாகத்து டீசர் வந்துது.

டீசர்ல ஒண்ணும் இல்ல. கும்மிருட்டு. இடி. அகழி நிறைய தண்ணி. தண்ணிமேல ஒரு படகு. படகுல அண்ணன் முதுகு. அவ்ளோதான். அந்த முதுகைப் பாத்துட்டு ஊரே பித்துப் பிடிச்சு அலைஞ்சுது. சாயந்திரம் ராஜாங்கம் சாரே ஜீப்புல வந்து இறங்கினாரு.

"கோட்டையைத் திறந்து வைக்க அண்ணன் வருகிறார். படகில் வருகிறார். தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யலாமா என்று இரண்டாம் பாகத்தாரின் மேலான கருத்தை அறிய விரும்புகிறேன்."

நான் பச்சமுத்துவைப் பாத்தேன். நல்லா நாலு வார்த்தை கேப்பாருன்னு நின்னேன். அவரு கை தன்னால இடுப்புச் சாவிக்குப் போச்சு.

"யோவ்!" நான் கத்தினேன். "பொதி கட்டி நிக்குதுய்யா! இதுக்குத்தான்யா இவ்ளோ வேஷம் போட்டோம்!"

"வேஷமா?" பச்சமுத்து கண்ணு செவந்துபோச்சு. "யாருக்குய்யா வேஷம்? அண்ணன் படகு நம்ம ஊர்ல தரை தட்டினா நாளைக்கு நாலு ஊரு காறித் துப்பாது? நெல்லு அடுத்த போகம் வரும். அண்ணன் வருவாரா?"

ஊரே அவரு பின்னால நடந்துது. ஏரிக்கரை முழுக்க மஞ்சள் பனியன். சேரன் ஆளுங்களும் வந்து எங்களைக் கட்டிப் பிடிச்சிக்கினாங்க. நல்லிணக்கம் ஏற்பட்டுவிட்டதுன்னு ராஜாங்கம் சார் போன்ல மேலிடத்துக்குச் சொன்னாரு. மதகு துரு பிடிச்சிருந்துது, ஒரு ஆளால திருக முடியல. எல்லாரும் தம் கட்டிக்கினு நிக்கிறப்ப நான் மட்டும் சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு ஒரு கை குடுத்தேன்.

திறப்பு விழா அன்னிக்கு அகழி தளும்பிச்சு. மேள தாளத்தோட படகு வந்துது. அண்ணன் வரல. சூட்டிங்காம். படகுல அவரு கட்டவுட்டை நிறுத்தி, பக்கத்துல ஒரு பெரிய திரை வச்சிருந்தாங்க. அதுல அண்ணன் பேசினாரு.

"என் உயிர்த் தம்பிகளே! விவசாயி சேத்துல கால் வெச்சாதான் நாம சோத்துல கை வெக்க முடியும். விவசாயிக்குப் போற தண்ணியை எவன் தடுத்தாலும், அவன் எந்தக் கொம்பனா இருந்தாலும், இந்தக் கொத்தளத்தான் சும்மா விடமாட்டான்!"

கோட்டையே இடிஞ்சு விழற மாதிரி சத்தம். ராஜாங்கம் சார் எழுந்து நின்னு கை தட்டினாரு. பச்சமுத்து மார்ல அடிச்சிக்கினு, "நம்மளைத்தான்யா சொல்றாரு! நம்மளைத்தான்யா!"ன்னு அழுதாரு. நானும் ரெண்டு விரலை வாயில வச்சு, இருக்கிற தெம்பெல்லாம் சேத்து விசில் அடிச்சேன்.

அப்பதான் இருதயமேரி எழுந்து நின்னா. எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தா.

"தண்ணியைத் தடுத்தவனைச் சும்மா விடமாட்டாராமே. ஓடுங்கய்யா, உங்களைத்தான் தேடிக்கினு வர்றாரு!"

பின் வரிசைக்காரங்க அவளைப் பாத்து, "உக்காரும்மா, அண்ணனை மறைக்குது"ன்னாங்க.